ஜக்கம்மாளின் சிவப்பு நூல்

தேவாரத்தில் மேற்குக் கடைசித் தெருவுக்குப் போய் ‘தலகாணிக்காரம்மா வீடு எது’ என்று கேட்டால் நடக்கப் பழகுகிற பிள்ளைகூடக் கை காட்டும். ஜக்கம்மாள் இலவம்பஞ்சில் தலையணை தைப்பவள். பஞ்சை அடைத்து, நாலு பக்கமும் சிவப்பு நூலில் இரட்டைத் தையல் போட்டு முடிச்சிட்டால் பத்து வருஷத்துக்கு ஒரு இழை வெளியே வராது. புருஷன் ஈஸ்வரபாண்டி போன பிறகு ஒரே மகன் வினோத்ராஜைப் படிக்க வைத்து ஆளாக்கியது அந்த ஊசியும் நூலும்தான். அவன் இப்போது திருப்பூரில் ஒரு சாயக் கம்பெனியில் இருக்கிறான். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவான்.

கை நல்ல கை. வாய்தான் கொஞ்சம். கொஞ்சம் என்ன, நிறையவே. மனசில் பட்டதைப் பட்டவுடன் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

மருமகள் அபிதா கம்பத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறாள். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் காலை ஆறு மணிக்கே வந்து வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்துக்குத் தேவாரத்திலிருந்து கம்பத்துக்கு ஒழுங்காகப் பஸ் கிடையாது. அதனால்தான் கரண்டுக் கார் வாங்கினார்கள். பஞ்சு அடிக்கிற கொட்டகையில் ஏற்கெனவே ஒரு பெரிய பிளக் பாயின்ட் இருந்தது. காரை அங்கேயே நிறுத்தி, அங்கேயே சார்ஜ் போட்டார்கள். புதுசில் ஜக்கம்மாள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். “பொகையும் இல்ல, சத்தமும் இல்ல. எங்க அபிதா போறதும் தெரியாது, வாரதும் தெரியாது.”

பங்குனியில் வருசநாட்டுப் பக்கமிருந்து இலவங்காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அந்த இரண்டு மாதமும் அந்த வீட்டுச் சோற்றில்கூடப் பஞ்சு கிடக்கும். எடுத்துப் போட்டுவிட்டுத் தின்ன வேண்டியதுதான். கொட்டை தின்ன எலியும் வரும். பக்கத்து வீட்டு ஸ்கூட்டரின் வயரை எலி கடித்துப் போட்ட மறுநாள், ஜக்கம்மாள் கொட்டகையில் நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அபிதா வேலை முடிந்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எந்தக் கம்பியை இழுத்தால் முன்மூடி திறக்கும் என்று ஜக்கம்மாளுக்குத் தெரியும், பார்த்திருக்கிறாள். திறந்தாள். முன்பக்கத்துக் கறுப்பு வலைக்கும் அதற்குப் பின்னால் இருந்த ரேடியேட்டருக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து. எலிக்கு இது போதாதா?

ஒரு பழைய கொசுவலையை வெட்டி இரண்டாக மடித்தாள். நடுநடுவே அந்துருண்டை வைத்துச் சுற்றித் தைத்தாள். தலையணைக்கு உறை மாட்டுகிற மாதிரி அந்தச் சந்தில் இறக்கி, மூடியைச் சாத்தினாள். அபிதாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் போனை எடுத்துக் கம்பெனிக்காரனிடம் கேட்பாள். ஒரு கொசுவலைக்குக் கம்பெனிக்காரன் உத்தரவா? அதோடு அதை மறந்தும் போனாள்.

சித்திரை பிறந்ததும் கார் படுத்த ஆரம்பித்தது. கிளம்பும்போது நன்றாகத்தான் போகும். அரை மணி நேரம் ஓடியபின் ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுக்காது. ஏசியும் சும்மா காற்றை மட்டும் தள்ளியது. ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தால் மறுபடி சரியாகிவிடும். “வண்டில ஏதோ இருக்கு அத்தை” என்று அபிதா இரண்டு மூன்று தடவை சொன்னாள். ஜக்கம்மாள் காதில் வாங்கவில்லை.

அப்போதுதான் கூடலூரில் ஒரு கல்யாணம் வந்தது. அபிதா காரை ஓட்ட, ஜக்கம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் அவளுடைய நாத்தனார் இருளம்மாள். கம்பம் தாண்டி வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போனது. அபிதா அதை முந்த ஏறினாள். பாதி தூரம் போனதும் கார் சொங்கிப்போய்விட்டது. எதிரே குமுளிப் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அபிதா பிரேக்கைப் பிடித்து மறுபடியும் டிராக்டருக்குப் பின்னால் காரை ஒடித்துக்கொண்டு வந்தாள். பஸ் உரசாத குறையாகப் போனது.

உயிர் பிழைத்ததும் ஜக்கம்மாளுக்கு முதலில் வந்தது கோபம். “ஏத்தா, மிதிக்கிறயா, இல்ல தடவிக் குடுக்குறயா?”

“மிதிச்சுக்கிட்டுத்தான் அத்தை இருக்கேன். போக மாட்டேங்குது. இந்தா பாருங்க, ஆமைப் படம் வந்துருக்கு.” ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள திரையில் சின்னதாக ஒரு ஆமை எரிந்தது. கார் சக்தியைக் குறைத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

“ஓட்டுறவ மூஞ்சியப் பாத்துத்தான படத்தப் போடும்! யானையவா போடும்?”

பின்னால் இருந்த இருளம்மாள் சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த பூ கொட்டியது. அந்தச் சிரிப்புதான் ஜக்கம்மாளைக் கெடுத்தது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இலைக்கு இலை சொன்னாள். ஆமை எப்படி எரிந்தது, அபிதாவுக்கு முகம் எப்படி வெளுத்தது என்று நடித்தே காட்டினாள். பந்தியே சிரித்தது. எதிர் வரிசையில் அபிதா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. இவர்கள் ஊர் திரும்புவதற்குள் பெயர் முந்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் காரைப் பார்த்ததும் கத்தின. “ஏலே, ஆமையக்கா வந்துருச்சுடா!”

தேனியில் காரை வாங்கிய இடத்தில் கொண்டுபோய்க் காட்டினார்கள். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள், பஸ் ஸ்டாண்டை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். “நல்லாத்தான் இருக்கு” என்று அனுப்பிவிட்டார்கள். ஆறின வண்டியில் இரண்டு சுற்று ஓட்டினால் என்ன தெரியும்? ஜக்கம்மாளுக்கு அது போதும். அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டாள். “குறை வண்டில இல்லடா. அவளுக்குக் கால் நடுங்குது. ஒரு நா பஸ்ஸுக்கு அடியில போயிச் சொருகிக்கிருவா. வண்டிய வித்துரு. வேலைக்கும் போக வேணாம்.”

வினோத்ராஜ் பயந்துவிட்டான். சின்னமனூரில் கருத்தக்கண்ணன் என்று ஒருவர் காரைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. திங்கட்கிழமை அபிதா வேலையை விட்டு நிற்பதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அபிதா அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். “ராயப்பன்பட்டியில இவாஞ்சலின்னு ஒருத்தவங்க கரண்டு வண்டி பாக்குறாக. ஒரே ஒரு தடவ காட்டிட்டு வந்துர்றேன்.”

“நானும் வாரேன். நீ ஓட்டுற அழகப் பக்கத்துல இருந்து நான் சொன்னாத்தான அந்தாளுக்குப் புரியும்” என்றாள் ஜக்கம்மாள்.

அந்த ஆள், முப்பது வயது இருக்கும் பெண். கோயம்புத்தூரில் கரண்டு வண்டி செய்கிற கம்பெனியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்து சொந்த ஊரில் கொட்டகை போட்டிருந்தாள். ஜக்கம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “பொம்பளப் பிள்ளையா?”

“ஆமாம்மா. காருக்கு அது தெரியாது, நீங்களும் சொல்லிறாதீக.”

இவாஞ்சலின் உடனே முன்மூடியைத் திறக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டாள். எத்தனை கிலோமீட்டர் போன பிறகு படுக்கிறது, சார்ஜ் எவ்வளவு இருக்கும்போது, ஏசி போட்டால் சீக்கிரம் படுக்கிறதா. அபிதா ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். தேதி, மணி, தூரம், வெயில் எல்லாம் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி வரிசையாக எழுதி வைத்திருந்தாள். ஜக்கம்மாள் அந்த நோட்டை இதற்குமுன் பார்த்ததில்லை. “இப்புடி எழுதி வச்சிருக்கவங்கள நான் பாத்ததே இல்ல” என்றாள் இவாஞ்சலின். ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒன்றைச் செருகி, அதைத் தன் போனோடு சேர்த்தாள். “ஓட்டுங்க. அது படுக்குற இடம் வரைக்கும் போவோம்.”

அபிதா ஓட்டினாள். இவாஞ்சலின் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஜக்கம்மாள் பின்னால். “பேட்டரி தங்கமா இருக்கு. எல்லா செல்லும் ஒரே அளவுல நிக்குது. ஆனா மோட்டார் பக்கம் சூடு ஏறிக்கிட்டே போகுது.” கம்பத்தில் அறுபது டிகிரி, கூடலூரில் எழுபது என்று வாசித்தாள். லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறுகிற இடத்தில் ஆமை எரிந்தது.

“இப்ப மிதிங்க.”

“முழுசா மிதிச்சாச்சு.”

“ஆமா. நூத்துக்கு நூறு மிதிச்சிருக்காகன்னு இங்கன காட்டுது. மோட்டாருக்குத்தான் பாதிகூடப் போகல.” இவாஞ்சலின் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தாள். “பாத்துக்கங்கம்மா. கால்ல குறை இல்ல.”

ஜக்கம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன் பொய் சொல்லாதா என்று ஒரு வாய் கேட்கலாம் என்று நினைத்தாள். கண்ணாடியை ஏற்றி இறக்கினாள்.

ஓரமாக நிறுத்தினார்கள். உள்ளே காற்றாடி பேய் மாதிரி இரைந்தது. இவாஞ்சலின் முன்மூடியைத் திறந்து தண்ணீர் அளவைப் பார்த்தாள், சரியாக இருந்தது. குழாயைத் தொட்டுப் பார்த்தாள், பம்ப் ஓடியது. “சூடு ஏறுனா கார் தன்னக் காப்பாத்திக்கிறதுக்காக வேகத்தக் குறைச்சுக்கிரும். அது குத்தம் இல்ல. ஏன் ஆற மாட்டேங்குதுங்கறதுதான் கேள்வி.” கடலை மடித்த பேப்பர் ஒன்றை எடுத்து வண்டியின் மூக்குக்கு முன்னால் பிடித்துக் கையை விட்டாள். “காத்து உள்ள போனா பேப்பர் இப்புடியே ஒட்டணும்.” பேப்பர் ஒட்டவில்லை. நேராகத் தரையில் விழுந்தது. “மூக்க யாரோ பொத்தி வச்சிருக்காக.”

மெதுவாக ராயப்பன்பட்டிக்குத் திரும்பி வந்தார்கள். ‘மூக்க யாரோ பொத்தி வச்சிருக்காக’ என்ற பேச்சே ஜக்கம்மாள் காதில் ஓடிக்கொண்டிருந்தது. யாரென்று பிடிபடவில்லை. கொட்டகையில் முன்மூடியை மறுபடி திறந்து, டார்ச் அடித்து, இவாஞ்சலின் அந்தச் சந்துக்குள் கையை விட்டபோதுதான் தெரிந்தது. அதற்குள் அந்துருண்டை வாசனை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

வெளியே வந்தது வலையாக இல்லை. இரண்டு மாதம் கொட்டகையில் பறந்த பஞ்சையெல்லாம் காற்றாடி இழுத்து இழுத்து அதன் மேல் அப்பியிருந்தது. ரோட்டுத் தூசியும் சேர்ந்து, சாம்பல் நிறத்தில் சின்னத் தலையணை மாதிரி இருந்தது. சுற்றிலும் சிவப்பு நூல், இரட்டைத் தையல்.

“எலி கட்டுன கூடுன்னு நெனச்சேன்” என்றாள் இவாஞ்சலின். “எலிக்கு ஊசில நூல் கோக்கத் தெரியாதே. யாரும்மா காருக்கு மெத்த தச்சது?”

இருபத்தெட்டு வருஷம் அந்தத் தையலைத் தூரத்தில் பார்த்தாலே ‘என்னுது’ என்று சொல்லிக்கொண்டவள் ஜக்கம்மாள். அவள் வாயிலிருந்து அப்போது வந்தது இதுதான்: “ஷோரூம்காரந்தான் வச்சிருப்பான்.”

சொன்னதும் காது இரண்டும் சுட்டன. இவாஞ்சலின் சிரித்தாள். “அவங்க வச்சா பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கியிருப்பாக. இது வீட்டுத் தையல்.” அபிதா அதை வாங்கி, ஓரத்தை ஒரு தடவை கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கொண்டுபோய் டிக்கியில் போட்டாள்.

ரேடியேட்டரைக் காற்றடித்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். திரும்பி வரும் வழியில் கோம்பைக்கு முன்னால் ஒரு லாரியை அபிதா முந்தினாள். மிதித்த மிதியில் ஜக்கம்மாளின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஆமை வரவில்லை. அபிதா சந்தோஷப்பட்டுச் சிரிக்கவுமில்லை, ‘பாத்தீகளா’ என்று கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் ஜக்கம்மாள் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜக்கம்மாள் டிக்கியில் இருந்ததை எடுத்து இலவ மூட்டைகளுக்கு அடியில் சொருகினாள். பிறகு மகனுக்குப் போன் போட்டாள்.

“வண்டி சரியாப் போச்சுடா. விக்க வேணாம்.”

“வண்டி சரியானா என்னம்மா? அவளுக்கு ஓட்டத் தெரியல, கால் நடுங்குதுன்னு நீதான சொன்ன? நல்ல வண்டின்னா இன்னும் வேகமாப் போயி முட்டுவா. கருத்தக்கண்ணன் அண்ணன் ஞாயித்துக்கிழம வாராக. இனிமே மாத்திப் பேச முடியாது.”

“இல்லடா, அது வந்து...”

“என்ன?”

“ஒண்ணும் இல்ல. சாப்பிட்டயா?”

போனை வைத்துவிட்டு ஜக்கம்மாள் கொட்டகையில் உட்கார்ந்தாள். வண்டியில் இருந்த குறையை ஒரு சாயங்காலத்தில் எடுத்துப் போட்டாயிற்று. அவள் சொல்லி வைத்த குறை அப்படியே நின்றது. அதை எடுக்க வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். கூடலூர்ப் பந்தியில் நாற்பது இலைக்கு முன்னால் திறந்த வாய், பெற்ற மகனிடம் திறக்க மாட்டேன் என்றது.

சனிக்கிழமை முழுக்கத் தலையணை தைத்தாள், வெள்ளை நூலில். வாங்க வந்தவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என்னக்கா, செவப்பு நூலு தீந்துபோச்சா?” ஜக்கம்மாள் “வாங்குனா வாங்கு, இல்லாட்டிப் போ” என்று எரிந்து விழுந்தாள். மத்தியானம் அந்த வலையை அடுப்பில் போட்டுவிடலாம் என்று எடுத்தாள். அடுப்படியில் அபிதா மறுநாள் வருகிறவர்களுக்கு என்று டம்ளர்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். கார் பார்க்க வருகிறவர்களுக்கு டீ கொடுக்க! ஜக்கம்மாள் வந்த வழியே திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வினோத்ராஜ் வந்தான், பின்னாலேயே கருத்தக்கண்ணனும் வந்தார். தெருப்பிள்ளைகள் கூடிவிட்டன. அவர் காரைச் சுற்றி வந்து, டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். “எல்லாம் சரி. ஏன் தம்பி தர்றீக? வண்டில எதும் சங்கடமா?”

“வண்டில ஒண்ணும் இல்லண்ணே. ஓட்டத்தான் வீட்டுல ஆளு இல்ல.”

வாசலில் டம்ளரோடு அபிதா நின்றுகொண்டிருந்தாள். தெருப்பயல் ஒருவன் முந்திக்கொண்டான். “ஆமையக்காவுக்கு ஓட்டத் தெரியாது!” எல்லோரும் சிரித்தார்கள். வினோத்ராஜும் சிரித்தான். அபிதா டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பந்தியில் அப்பளத்தைப் பார்த்தாளே, அதே மாதிரி.

ஜக்கம்மாள் கொட்டகைக்குள் போனாள். மூட்டைக்கு அடியில் இருந்ததை இழுத்துக்கொண்டு வந்து, தும்பு பறக்கக் காரின் மேல் போட்டாள்.

“இந்தாங்க. பாத்துக்கங்க.”

“என்னம்மா இது?” என்றான் வினோத்ராஜ்.

“என் தையல். தெரியலையா? இருபத்தெட்டு வருசமாப் பாக்குறயே. எலி வரக் கூடாதுன்னு நான்தான் தச்சு உள்ள சொருகுனேன். இதுதான் வண்டி மூக்க அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அவ கால்ல ஒண்ணும் இல்ல. அன்னைக்கு அந்த டிராக்டருக்குப் பின்னால அவ மட்டும் ஒடிச்சுத் திருப்பாம இருந்திருந்தா நான் இன்னைக்கு இங்கன நிக்க மாட்டேன். நான் ஊரெல்லாம் சொன்னது பொய். ராயப்பன்பட்டியில அந்தப் பிள்ளை கேட்டதுக்கும் பொய்தான் சொன்னேன்.”

பஞ்சுத் தும்பு ஒன்று கருத்தக்கண்ணன் மீசையில் போய் ஒட்டியது. அவர் அதைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அப்ப வண்டி?”

“குடுக்கறதா இல்ல. டீயக் குடிச்சிட்டுப் போங்க.”

“நீ அன்னைக்குப் போன்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றான் வினோத்ராஜ்.

“சொல்லியிருக்கலாம்” என்றாள் ஜக்கம்மாள். அன்றைக்கே இருளம்மாளுக்கும் போன் போட்டுச் சொன்னாள். இருளம்மாள் அதற்கும் சிரித்தாள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு எப்படி இருக்கிறது என்று ஜக்கம்மாளுக்குத் தெரிந்தது.

எல்லோரும் போன பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அபிதா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு நீ எழுதிக் குடுக்க வேணாம். வேலைக்குப் போ.”

“சரிங்கத்தை.”

“அது என் தையல்னு உனக்கு...”

“அங்கனயே தெரியும். அந்தத் தலகாணிலதான தெனமும் படுக்குறேன்.”

“அப்பறம் ஏன்டி அங்கன சொல்லல? ரெண்டு நாளா வாய மூடிக்கிட்டு இருந்திருக்க!”

அபிதா கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “நான் சொன்னா நம்பியிருப்பீகளா அத்தை?”

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி கேட்டாள். ஜக்கம்மாள் முறத்தை எடுத்து, அதில் ஒன்றும் இல்லை என்று பார்த்து, மறுபடி மாட்டினாள்.

மறுநாளே பஞ்சு வேலையைக் கொல்லைப் பக்கம் மாற்றினாள். கார் நின்ற இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அன்றைக்கு மத்தியானம் கார் சத்தமில்லாமல் தெருவுக்குள் திரும்பியது. பிள்ளைகள் ஓடின. “ஆமையக்கா வந்துருச்சுடா!”

ஜக்கம்மாள் விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்தாள். “ஏலே! இனிமே எவனாச்சும் அந்தப் பேரச் சொன்னீக, தோலை உரிச்சுருவேன்!”

பிள்ளைகள் நின்றன. அதில் ஒருவன், பயப்படாமல், தெரியாததைக் கேட்கிற மாதிரிக் கேட்டான். “நீங்கதான பெரியம்மா வச்சீக?”

அபிதா காரை நிறுத்திவிட்டு இறங்கி, பையை எடுத்துக்கொண்டு இருவரையும் கடந்து உள்ளே போனாள். ஜக்கம்மாள் விளக்குமாற்றைக் கீழே இறக்கினாள். அதைத் தூக்கி வந்துவிட்டோமே என்பதற்காக, சுத்தமாக இருந்த வாசலை இன்னொரு தடவை கூட்டினாள்.